தலைவெட்டிக் கோயிலுக்குப் போன அப்பா

நம்மில் எத்தனை பேர் இன்னும் மிச்சமிருக்கிறோம் என்று தெரியவில்லை. இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, மழைக்குக் கம்பளியைத் தலையோடு மூடிக் கொங்காணி போட்டுக்கொண்டு டவுனில் இருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தக் கட்டடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ரயில் பாதையைத் தாண்டியதும் சைப்பிரஸ் மரங்களுக்குப் பின்னால் இருந்ததே, அதுதான். வெள்ளையடித்த சுவர். ஆள் உயரத்துக்கு மேலே சின்னச் சின்ன ஜன்னல்கள். கதவுக்கு மேலே ஒரு கவராயமும் ஒரு மூலைமட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்திருந்தார்கள். துரைமார்களின் கார்கள் மாதத்தில் ஒரு நாள் அங்கே வரிசையாக நிற்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு.

வெள்ளைக்காரர்கள் அதை லாட்ஜ் என்றார்கள். நம் ஆட்கள் தலைவெட்டிக் கோயில் என்றார்கள். இந்தப் பெயர் நம் பாட்டன்மார் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறியபோதே கூட வந்ததாம். அங்கேயும் வெள்ளைக்காரர் இப்படி ஒரு கட்டடம் வைத்திருந்தார்களாம், அங்கேயும் இதே பெயராம். உள்ளே சவப்பெட்டி இருக்கிறது, புதிதாகச் சேருகிறவனின் கண்ணைக் கட்டிக் கழுத்தில் கயிறு போட்டு நெஞ்சில் கத்தியை வைப்பார்கள், தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்கள், வெளியே வாய் திறந்தால் நாக்கை அறுத்துவிடுவார்கள் என்றெல்லாம் பேசிக்கொள்வோம். அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். நீங்களும்தானே ஓடினீர்கள்? நானும் ஓடினேன், என் அப்பா அதற்குள் போக ஆரம்பிக்கும் வரைக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாடு சுதந்திரமடைந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும்.

அப்பா தோட்டத்து டிஸ்பென்சர். மருந்து கலப்பது, கட்டுப் போடுவது, ஊசி குத்துவது எல்லாம் அவர்தான். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரய்யா. ஆனால் அவரைப் பெற்றவர்கள் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்து கொழுந்தெடுத்தவர்கள். ஒரு மிஷன் சாமி கண்ணில் பட்டதால் அவர் படித்தார். கோட்டும் டையும் போடுவார். பழுப்பு நிறத்தில் ஒரு தொப்பி வைத்திருந்தார். ஆபீஸ் பக்கம் போகும்போது, படிக்கு இருபது அடி முன்பே அந்தத் தொப்பி தலையிலிருந்து கைக்கு வந்துவிடும். மழை கொட்டினாலும் அப்படித்தான். பெரிய தொரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், மேலே விறாந்தையில் நின்று பேசுவார். அப்பா படிகளுக்குக் கீழே நின்று பதில் சொல்வார். அதில் எங்களுக்கு வித்தியாசமாக எதுவும் தெரிந்ததில்லை. ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

அப்பாவை லாட்ஜில் சேர்த்துவிட்டவர் அந்தப் பகுதிக்கெல்லாம் பெரிய டாக்டராக இருந்த, ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கியர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மருந்துச்சாலையை மூடியதும், டாக்டரின் கார் எங்கள் வீட்டுக்குக் கீழே வளைவில் வந்து நிற்கும். அப்பா தட்டையான ஒரு கறுப்புத் தோல் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார். விளக்கேற்றுவதற்கு முன் வந்துவிடுவார். வரும்போது முகம் தெளிவாக இருக்கும். அந்த முகந்தான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க போயிட்டு வாறீங்க?"

"கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"நல்ல கூட்டந்தான்."

"நல்ல கூட்டம்னா சொல்றதுக்கென்ன? நா என்ன ஊரெல்லாம் தமுக்கா அடிக்கப் போறேன்?"

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சிரிப்பார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த வருடம் இந்தப் பேச்சு எத்தனை தடவை நடந்ததென்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் நின்றுவிடும்.

ஒருநாள் அப்பா மருந்துச்சாலையில் இருந்தபோது அம்மா அலுமாரிக்கு மேலிருந்த அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தாள். அக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம். உள்ளே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. அதன் கீழே ஒரு ஏப்ரன், துணியில்லை, ஆட்டுக்குட்டித் தோல். ஓரமெல்லாம் இளநீலப் பட்டை, துணியில் பூப்போலக் கட்டிய மூன்று நீல முடிச்சு, இரண்டு பக்கமும் வெள்ளிச் சங்கிலிக் குஞ்சம். நான் விரலால் தடவிப் பார்த்தேன். அத்தனை மென்மையான ஒரு பொருளை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். "ஆம்பளைங்கள்ளாம் கதவச் சாத்திக்கிட்டு ஏப்ரன் கட்டி என்னத்தடி சமைக்கிறாங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு ப்ரீமேசன் என்று பெயர் என்பதை அக்காதான் எனக்குச் சொன்னாள். அதனால் குழப்பம் இன்னும் கூடிற்று. நம் பக்கத்தில் மேசன் என்றால் சுவர் கட்டுகிறவர். எங்கள் தோட்டத்துக்கு ஒரு சிங்கள மேசன் இருந்தார், பாஸ் என்று கூப்பிடுவோம். மருந்துச்சாலைப் புகைக்கூண்டை அவர் பூசிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"பாஸ், எங்கப்பாவும் மேசனாமே?"

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அனே பாப்பா, அது தொரை மேசன். மூலைமட்டம் இருக்கு, ரசமட்டம் இருக்கு, தூக்குக்குண்டு இருக்கு. செவுரு மட்டும் இல்ல."

"நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

"ஒரு தடவ. ஓடு ஒழுகுது சொல்லிக் கூப்பிட்டது. எல்லாத்தையும் வெள்ளத் துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. ஒரு ஆள் பக்கத்துல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தது. நான் தரைய மட்டும்தான் பாத்தது. கறுப்பு வெள்ள கட்டம், டாம் போர்ட் மாதிரி." கரண்டியைத் திரும்ப எடுத்தார். "முப்பது வருசம் நான் மேசன். என்னய யாரும் சேத்துக்க மாட்டாங்க பாப்பா."

அந்த வருடம் மழைக்காலம் மோசமாக இருந்தது. லயங்களில் இருமல் ஓயவில்லை. டாக்டரின் கார் ஒரு சனிக்கிழமை கட்டுக் கட்டாகக் கம்பளிகளைக் கொண்டுவந்து மருந்துச்சாலையில் இறக்கியது. புதுக் கம்பளிகள், நல்ல கனம். அப்பா வயதானவர்களையும் நெஞ்சுச் சளிக்காரர்களையும் பார்த்துக் கொடுத்தார். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: யார் கொடுத்தது? அப்பா சொல்லவில்லை. தருமத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது லாட்ஜ்காரர்கள் வழக்கம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மருந்துச்சாலைக்கு வந்தார். கொழுந்து மலையில் வேலை செய்கிறவர், அப்பாவோடு சின்ன வயதில் ஒரே லயத்தில் வளர்ந்தவர். ஆனாலும் ஐயா என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் மருந்து மேசைக்கடியில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"ஐயா, நேராவே கேக்குறேன். கோவிச்சுக்கக் கூடாது. பெரிய தொரையும் நீங்களும் அந்தக் கட்டடத்துக்குள்ள ஒண்ணா இருக்கீங்க. போன மாசம் நம்ம ஆளு மூணு பேர வேலைய விட்டு நிப்பாட்டுனாரு. நீங்க ஏதும் பேசிக்கிட்டீங்களா?"

"அங்க தோட்டத்து விசயம் பேசக்கூடாது. அரசியலும் பேசக்கூடாது, மதமும் பேசக்கூடாது. அது சட்டம்."

"எங்க சனம் நாடில்லாம நிக்குது. சுதந்திரம் வந்த கையோட பிரஜாவுரிமையப் பிடுங்கிட்டாங்க, ஓட்டுப் போச்சு. ஒங்களுக்கும் பிரஜாவுரிமை இன்னும் வரல. அத ஒரு வார்த்த தொரை காதுல போடலாமில்ல?"

"முடியாதுப்பா."

"அதும் பேச மாட்டீங்க, இதும் பேச மாட்டீங்க. அப்ப என்னதாங்க பேசுறீங்க உள்ள?"

அப்பா அளவுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைவர் படியிறங்கிப் போய்விட்டார். தலைவெட்டிக் கோயில் கம்பளி என்று பேச்சுப் பரவி, மறுநாளிலிருந்து கம்பளிகள் திரும்பி வர ஆரம்பித்தன. பெண்கள் காலையில் மலைக்குப் போகிற வழியில் மருந்துச்சாலைப் படியில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். மழையில் நனைந்து ஊறிய கம்பளிகளை அப்பா எடுத்து வந்து எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார். வீடு முழுக்க ஈர ஆட்டு ரோமத்தின் நாற்றம். அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்துதான் நாங்கள் அக்காவின் கலியாணத்துக்குப் பலகார அரிசி புடைத்தோம்.

அக்காவின் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கந்தப்பளைப் பக்கத்தில் வாத்தியார். அவருடைய அப்பா அங்கே மாதா கோயில் உபதேசியார். நாங்களும் வேதக்காரர்கள்தான், ரோமன் கத்தோலிக்கம். இரண்டு குடும்பத்துக்கும் பொருத்தமான சம்பந்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகஸ்ட் கடைசியில் கலியாணம். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு பங்குச் சாமி அக்காவின் பெயரை வாசித்தபோது அக்கா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரந்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஞானோபதேச வகுப்பு. வெளியே மழை. மதர் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தார். நான் சிலேட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். லாட்ஜ் கதவுக்கு மேலே இருந்த கவராயமும் மூலைமட்டமும். அதன் கீழே ஏப்ரன், மூன்று முடிச்சு, சங்கிலிக் குஞ்சம். மதர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"இது எங்க பாத்த?"

"எங்கப்பாவுடையது மதர்." பெருமையாகத்தான் சொன்னேன்.

மதர் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தோலிக்கர் ப்ரீமேசன் சங்கத்தில் சேருவதைத் திருச்சபை அந்தக் காலத்தில் எவ்வளவு கடுமையாக விலக்கியிருந்தது என்று பத்து வயதில் எனக்கென்ன தெரியும்? சேர்ந்தவனுக்குப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, கிடையாது. மனந்திரும்பாமல் செத்தால் கோயில் கல்லறையில் இடமுமில்லை. அப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் மாதாமாதம் போனார், அதை மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வந்தார். யோசித்துப் பார்த்தால் ஒரு வருடமாக அவர் நன்மை வாங்கவேயில்லை. வயிறு சரியில்லை, வெறும் வயிற்றில் இருக்க முடியவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் நம்பினாள்.

இரண்டாம் ஞாயிறு சாமி ஓலை வாசிக்கவில்லை. பூசை முடிந்ததும் எங்களைச் சாமி வீட்டுக்கு வரச் சொன்னார். மேசைமேல் என் சிலேட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சாமி கெட்டவரில்லை. வயல்காட்டுக்குப் போகிற மனிதர் மாதிரி எளிமையாகப் பேசுவார். அவரும் தவித்துக்கொண்டுதான் இருந்தார்.

"இந்தச் சட்டத்த நான் எழுதல டிஸ்பென்சர். ரோமாபுரியில எழுதினது. அந்தச் சங்கத்த விட்டுட்டேன்னு ஒரு கையெழுத்து. ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம். அவ்வளவுதான்."

"சாமி, அங்க ஆண்டவருக்கு விரோதமா ஒண்ணும் நடக்கல. கடவுள நம்பாதவன அவங்க சேக்கவே மாட்டாங்க."

"அப்ப என்ன நடக்குது?"

"அதச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எதுமேல கைய வச்சு?"

"வேதபுத்தகத்துமேல."

சாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நல்லதுன்னா எதுக்கு ஒளிக்கணும்? சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணுதான் புரியல." அம்மா அழ ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சிலேட்டில் வரைந்தது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே விக்கல் வந்துவிட்டது. அவர் சிலேட்டை அக்குளில் இடுக்கியிருந்தார். நின்று, அதை எடுத்து, மழைத் துளி படாமல் குடைக்குள் பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் வரைஞ்சிருக்க," என்றார். "சங்கிலி மட்டும் ஏழு இருக்கணும். நீ அஞ்சு போட்டுட்ட."

அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

கந்தப்பளைக்குச் சேதி போய்விட்டது. உபதேசியார் ஆள்மேல் ஆள் அனுப்பினார்: சங்கத்தை விட்டால் கலியாணம், இல்லாவிட்டால் இல்லை. அம்மா கெஞ்சினாள், கத்தினாள், மூன்று நாள் பேசாமலிருந்தாள். அப்பா மருந்துச்சாலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். கடைசியில் அக்காதான் அவரெதிரே போய் நின்றாள். அக்கா அப்பாவை எதிர்த்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. நான் அரிசிக் குண்டானுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, ரகசியமெல்லாம் வேணாம். ரகசியமில்லாத ஒண்ணு சொல்லுங்க. உள்ள என்ன இருக்கு?"

அப்பா கொடியில் கிடந்த கம்பளியைத் திருப்பிப் போட்டார்.

"நாற்காலி இருக்கு," என்றார். "அதுல ஒண்ணுல நான் உக்காருறேன். பக்கத்து நாற்காலியில பெரிய தொரை உக்காருறாரு. என்னப் பாத்து பிரதர்னு கூப்பிடுறாரு. கையக் குடுக்குறாரு."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியில?"

அப்பா எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் எனக்குப் பல்வலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். எதற்குப் போனார் என்று இப்போது புரிகிறது. லாட்ஜில் தெய்வ நிந்தனை ஒன்றுமில்லை என்று சாமிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கும்படி துரையிடம் கேட்கப் போனார். தன் பிரதரிடம். வழக்கம்போலத் தொப்பி கைக்கு வந்தது. துரை விறாந்தையில் நாயோடு நின்றார். நல்ல மழை. அப்பா படிக்குக் கீழே நின்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். லாட்ஜ் என்ற சொல் எனக்குக் கேட்டது.

துரையின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். உள்ளே கிளாக்கர்மார் இருந்தார்கள். "நாட் ஹியர், டிஸ்பென்சர்," என்றார். அதன் பிறகும் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை கோபப்படவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டு, "நாட் ஹியர்," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு உள்ளே போனார். மேலே ஏறி விறாந்தைக் கூரைக்குக் கீழே நில் என்றுகூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பாதித் தூரம் வரை அப்பா தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை. மறந்துவிட்டார். முடியிலிருந்து தண்ணீர் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.

அந்தச் சனிக்கிழமை வளைவில் கார் வந்து நின்றபோது அப்பா பெட்டியைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தார். கூட ஒரு கடிதமும். டாக்டர் காரிலிருந்து இறங்கி நெடுநேரம் என்னவோ சொன்னார், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பறங்கி மனிதர் நல்லவர் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கார் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வளைவில் நின்றதேயில்லை.

அப்பா சாமி வீட்டில் கையெழுத்துப் போட்டார். பாவசங்கீர்த்தனம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க முழந்தாளிட்டு நன்மை வாங்கினார். அம்மா அன்றைக்குக் காலையிலேயே வடைக்கு ஊறப்போட்டிருந்தாள். மத்தியானம் உபதேசியாரும் அவர் சம்சாரமும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உபதேசியார் சந்தோசமாகத்தான் பேச ஆரம்பித்தார். "எல்லாம் ஆண்டவர் கிருபை. முடிஞ்சுபோச்சு. ஒரே ஒரு வார்த்ததான். எங்க பக்கத்து சனம் ஒரு மாதிரியாப் பேசுது. அங்க சிலுவைய மிதிக்கச் சொல்லுவாங்களாமே?"

"இல்லைங்க. அப்பிடி ஒண்ணுமில்ல."

"அப்ப என்னதான் செய்யச் சொன்னாங்க? என்ன சத்தியம் பண்ணுனீங்க? நீங்க சொல்லிட்டீங்கன்னா நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்குவேன்."

"அது மட்டும் கேக்காதீங்க."

"அதான் விட்டாச்சே?"

"சங்கத்த விட்டேன். குடுத்த வாக்க விடல."

உபதேசியார் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுங்களேன்," என்றாள். "ஒங்க கால்ல விழுறேன். நம்ம புள்ள கலியாணம்."

"விட்டுட்டு வந்தவரு இன்னும் அவங்களுக்காக வாயக் கட்டியிருக்காருன்னா," என்றார் உபதேசியார், "அப்ப உண்மையிலயே வெளிய வந்தாரா இல்லையான்னு நான் எப்பிடி நம்புறது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வடையை யாரும் தொடவில்லை. நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அம்மா அன்றைக்குப் பேசியதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அந்தத் தொரை ஒங்கள மழையில நிக்க வச்சான். மேல ஏறி வான்னு ஒரு வார்த்த சொல்லல. அவனுக்காகவா எம் புள்ள வாழ்க்கையக் கெடுத்தீங்க? அவனுக்கா வாக்கு?"

"அவருக்கா குடுத்தேன்?" என்றார் அப்பா. "குடுத்தது நான்."

எனக்கு அன்றைக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிறகு வளர்ந்து நானும் பிள்ளை பெற்று, அவருடைய வயதையும் தாண்டிய பின்பும் அந்த ஆத்திரம் போகவில்லை. லயத்து ஆட்களும் அவரை நம்பவில்லை. வெளியே வந்துவிட்டார் சரி, வெட்டிய தலை திரும்பக் கிடைக்குமா என்று சிரித்தார்கள். கம்பளி அடுத்த வருடம் வரவேயில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏதோ ஒரு பத்திரம் குறைகிறது என்று திரும்பி வந்தது. துரை சில வருடத்தில் கப்பலேறிவிட்டார். அப்பா ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே செத்துப்போனார். கோயில் கல்லறையில் இடம் மட்டும் கிடைத்தது. அம்மா அவருக்குப் பிறகு பத்து வருடம் இருந்தாள். அந்தப் பத்து வருடமும் கலியாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் படத்தில் இருந்த மனிதரோடு சண்டை போட்டாள்.

அக்கா வாத்தியார் வேலைக்குப் போனாள். முப்பதை நெருங்கும்போது உடப்புசல்லாவையில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள்.

இப்போது அந்த ரகசியமெல்லாம் ரகசியமில்லை. என் பேரன் கைபேசியில் எடுத்துக் கொடுத்தான். கண்ணைக் கட்டுவது, கயிறு, சத்தியம், கை கொடுக்கும் விதம், அடையாளச் சொல் எல்லாம் இருக்கிறது. கொத்தனாரின் கருவிகளைக் காட்டி, நேர்மையாக நட, சமமாகப் பழகு, ஏழைக்கு உதவு என்று நாடகம் போல நடித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அரைமணி நேரத்தில் வாசித்து முடித்தேன். இவ்வளவுதானா? இதற்காகவா? கைபேசியைத் தூக்கி எறியலாம் போல் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு உடப்புசல்லாவைக்குப் போனேன். அக்காவுக்கு எண்பத்தைந்துக்கு மேலாகிறது. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். கறிக்குப் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பா சொல்லாம வச்சிருந்தாரே, எல்லாம் இதுல இருக்கு. வாசிக்கட்டுமா?"

"வேணாம்."

"ஒண்ணுமேயில்லக்கா. சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாதிரி. ஒன் கலியாணத்தையே கெடுத்துச்சு. ஒனக்குத் தெரிய வேணாமா?"

"அன்னைக்கு அந்தத் திரைக்குப் பின்னால நின்னு நா என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு நெனைக்கிற?" என்றாள். "சொல்லிடாதீங்கப்பா, சொல்லிடாதீங்கப்பான்னு மாதாவ வேண்டிக்கிட்டு இருந்தேன்."

நான் கைபேசியை மடியில் வைத்தேன்.

"எங்கப்பாவ ஒக்கார வச்சு அப்பிடிக் கேக்குறாங்க. அம்மா கால்ல விழுறேங்குறா. அந்த மாப்பிள்ள, போதும்பான்னு ஒரு வார்த்த சொன்னானா? தேத்தண்ணிக் கோப்பையவே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பா வாயத் தொறந்திருந்தா நா அந்த வீட்டுக்குப் போயிருக்கணும்."

"அடிப்பாவி! அத அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல? சாகுற வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டே இருந்தாளே! அப்பாகிட்டயாவது சொன்னியா? எங்கிட்டயாவது?"

அக்கா உரித்த போஞ்சியைச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"எல்லாரும் அவரத்தானே கேட்டீங்க," என்றாள். "எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."